ஓகஸ்டில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம்: காலையை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறவர்கள் முதலில் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே பிள்ளைகளை வெளியே விடக்கூடிய நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பதரை மணி வரைக்கும்தான். பிறகு வெக்கை தணிந்து, பின்னேரம் நாலரைக்கு மேலே மறுபடி இறக்கலாம். ஆறரைக்கு இருட்டிவிடும். லண்டனில் ஓகஸ்ட் மாதம் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சத்தில் பந்தடித்துப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய ஏமாற்றம். அதனால் காலை நேரம் பொன்னானது. அந்த நேரத்தை அலுவலகத்துக்கோ, கோயில் ஐயருக்கோ, சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கோ கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது மின்விசிறியும் கைப்பேசியும்தான்.

ஓகஸ்ட் காலையில் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பனம்பழம் இருக்கிறது. இரவில் தொப்பென்று விழும் சத்தம் கேட்கும். விடிய எழும்பி ஓடினால் பழம் கிடைக்கும், பிந்தினால் மாடு சூப்பிவிட்டுப் போயிருக்கும். என் மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு எழும்பாத நேரத்தில் எழும்பிப் பனையடிக்கு ஓடினார்கள். பழத்தை அடுப்பில் சுட்டுத் தோலை உரித்துக் கொடுத்தால் செம்மஞ்சள் களி கை, வாய், சட்டை எல்லாம் அப்பிக்கொள்ளும். தும்பு பல்லுக்குள் சிக்கும். முதல் நாள் முகத்தைச் சுளித்த மகன் அடுத்த நாள் கொட்டையை விடாமல் சூப்பினான். பெரியம்மா களியைப் பிசைந்து வடித்துப் பாயில் ஊற்றிப் பினாட்டுக்குக் காய விட்டார். வெயில் என்ன செய்யும் என்பதைப் பிள்ளைகள் அந்தப் பாயில் பார்த்தார்கள். காலையில் கூழாக இருந்தது பின்னேரம் மேலே தோல் பிடித்திருந்தது.

நுங்கு இன்னும் கிடைக்கிற நேரமென்றால் கோம்பைகளை எறிய விடாதீர்கள். இரண்டு கோம்பை, நடுவே குத்த ஒரு சின்னத் தடி, தள்ளுவதற்கு ஒரு கவர்த்தடி, இவ்வளவும் இருந்தால் வண்டில் ஓடும். அச்சுத் தடி ஒரு கோம்பையின் நடுவிலும் மற்றதன் ஓரத்திலும் குத்தியிருந்தால் வண்டில் ஒரு பக்கமாக இழுக்கும். மகன் இதைத் தானே கண்டுபிடித்து, கழற்றித் திரும்பக் குத்தினான். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் திறக்காதீர்கள்.

அடுத்தது கிணறு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். அந்த நன்னீர் கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மேலே இறைத்தால் உப்பு ஏறிவிடும். இதைப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. இரண்டு மூன்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒவ்வொரு வாய் குடிக்கக் கொடுத்தால் (கொதிக்க வைத்து ஆற்றியது) நாக்குக்கே வித்தியாசம் தெரியும். பிறகு புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குக் கூட்டிப் போங்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு, ஒரே கிணற்றில். அங்கிருந்து கீரிமலைக்கு. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்றுக் கேணி ஏன் இருக்கிறது என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணி தனித்தனி. படிகள் பாசி பிடித்து வழுக்கும். ஆடி அமாவாசை அன்று மட்டும் போகாதீர்கள். அது அப்பாவை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்யும் நாள். நீச்சலுடுப்போடு பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தும் இடமல்ல.

சரி, இனி எங்கள் காலைகள் எங்கே போயின என்று சொல்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீதனமாக வந்த காணி ஒன்று குடாநாட்டின் மேற்குப் பக்கம், வலிகாமத்தில் இருக்கிறது. பிரிபடாத பங்கு. சில பரப்பு நிலம், ஒரு கிணறு, பத்துப் பன்னிரண்டு பனை, வேலியோரம் பூவரசு. பிள்ளைகள் பனம்பழம் பொறுக்கியதும் வண்டில் ஓட்டியதும் அங்கேதான். நானும் அங்கேதான் கிளித்தட்டு விளையாடினேன். பெரியம்மாவின் மகன், அண்ணா, நாங்கள் வந்து இறங்கிய இரண்டாம் நாளே கேட்டார், “உன்ரை பங்கை எழுதித் தந்திட்டுப் போ. பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்ப வேணும், காணியை விக்கப் போறன்.”

மறுக்க எனக்கு வாய் வரவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டையால் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்கள் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் போனது. பிறகு நாங்கள் கொழும்புக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் போய்விட்டோம். அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த வேலியை இத்தனை வருடமும் அடைத்தது அண்ணா. கிணற்றைக் கலக்கி இறைத்ததும் அவர். அவர் அதைச் சொல்லிக் காட்டுகிறவர் அல்ல. ஒருநாள் மட்டும், மெதுவாக, “நீ வந்திட்டுப் போயிடுவாய். வேலி அடைக்கிறது நான்தானே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் காலைகள் அலுவலகத்துக்குப் போயின. முதலில் காணி உறுதியின் மூலப் பிரதி வேண்டும் என்றார்கள். அது அம்மாவின் பெட்டியில் லண்டனில் கிடந்தது. தோம்பு (காணிப் பதிவின் பிரதி) எடுக்கப் போனோம், பதிவில் அம்மாவின் பெயர் ஒரு எழுத்து வித்தியாசம். அதற்குக் கிராம அலுவலரின் கடிதம். அவர் அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். அடுத்த நாள் போனால் அம்மாவின் இறப்புச் சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு வேண்டும். நொத்தாரிசு கந்தோரில் எட்டரைக்கு வரச் சொன்னார்கள், அவர் நீதிமன்றத்திலிருந்து வந்தது பதினொரு மணிக்கு. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒவ்வொரு மரியாதைக்கும் ஒரு காலை போனது.

பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போகலாம் என்றால் பெரியம்மா அவர்களைப் படலைக்கு வெளியே விட மாட்டார். “வெயிலுக்கை விடாதை பிள்ளை, கறுத்துப் போவாள்” என்பார் மகளைப் பார்த்து. அண்ணாவின் மகனுக்கு இருக்கும் சுதந்திரம் என் மகளுக்கு இல்லை. எனவே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் நொத்தாரிசு கந்தோர் விறாந்தையில் இருத்தினேன். பிளாஸ்ரிக் கதிரை வியர்வையில் தொடையோடு ஒட்டும். தரையில் சிவப்பும் சாம்பலுமாகப் பழைய ஓடு பதித்திருந்தது. மகள் அதில் சிவப்பு ஓடுகளை மட்டும் மிதித்துப் பாண்டி விளையாடத் தொடங்கினாள். மகனும் சேர்ந்தான். கொஞ்ச நேரத்தில், வழக்குக்கு வந்திருந்த ஒரு கிழவி தன் செருப்பைக் கழற்றி அவர்களுக்குச் சில்லாகப் போட்டார். எழுதுவினைஞர் வெளியே வந்து, “இது கந்தோர், சத்தம் போடக் கூடாது” என்றார். மகள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். “அம்மா, பனம்பழத்தை இப்ப மாடு சாப்பிட்டிருக்கும்” என்றாள்.

நெடுந்தீவுக்குப் போக வைத்திருந்த நாளும் அப்படித்தான் போனது. கடைசியில் கையெழுத்தும் விழவில்லை, நில அளவையாளர் வர வேண்டியிருந்தது, எங்கள் பயணச்சீட்டுத் திகதி வந்துவிட்டது.

ஆகவே காணி அலுவல் உள்ளவர்கள் கேளுங்கள். உங்கள் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) எழுதி, நம்பிக்கையான ஒருவருக்குக் கொடுத்து அனுப்பலாம். பழைய உறுதி, பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இங்கேயே பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்குக் காணியை வெளியாருக்கு விற்கும்போது மற்றப் பங்காளிக்கு முதல் உரிமை உண்டு. கலியாணமான பெண் காணியை விற்கக் கணவரின் சம்மதமும் கேட்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ள பிள்ளைகளின் பெயருக்குக் காணி மாற்ற நினைத்தால் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிச் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேளுங்கள். எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் வருகிற பயணத்தில் இதைச் செய்யாதீர்கள். சொந்தக்காரருக்கு ரிக்கற் எடுக்கும்போதே சொல்லுங்கள், இந்தமுறை பிள்ளைகளுக்காக மட்டும்தான் வருகிறோம் என்று. வந்து இறங்கியபின் சொன்னால் அது மறுப்பாகத்தான் கேட்கும்.

இன்னொன்று, ஊர்ப் பிள்ளைகள். நாங்கள் வளர்ந்தபோது பின்னேரம் ஒழுங்கையில் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள். இப்போது ஓகஸ்ட் விடுமுறையிலும் ரியூசன் இருக்கிறது, காலையும் பின்னேரமும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதுகிற பிள்ளையை விளையாடக் கேட்கவே முடியாது. அதனால் மச்சான் மச்சாள்மாரோடு விளையாடித் தமிழ் படிக்கட்டும் என்று நம்பிப் போகிறவர்கள், அந்த வீட்டுத் தாய்மாரோடு முன்னரே பேசி, எந்தப் பின்னேரம் வகுப்பு இல்லை என்று கேட்டு வையுங்கள். அண்ணாவின் மகன் ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தான். மணலில் தண்ணீரால் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்துக் காட்டினான். என் பிள்ளைகளின் தமிழ் அந்த ஒரு பின்னேரத்தில் அசைந்த அளவுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அசைந்து நான் கண்டதில்லை. “மறி, மறி”, “ஓடு”, “விடாதே” என்று கத்தும்போது பிழை பார்க்க நேரம் இருக்காது.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். பெரும்பாலும் இந்த விடுமுறைக்குள்ளேயே வரும். பிள்ளைகளைப் பின்னேரப் பூசைக்குக் கூட்டிப் போங்கள். மத்தியானம் மணலில் வெறுங்காலோடு நிற்க அவர்களால் முடியாது. பூசை முடிந்தபின் வீதி மணலில் இருந்து கடலை கொறிக்க விடுங்கள். அவர்களாகவே மற்றப் பிள்ளைகளோடு மண் வீடு கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஆபத்துகளை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆளில்லாத வளவுகளில் கட்டு இல்லாத கிணறுகள் பற்றைக்குள் மறைந்து கிடக்கின்றன. வீட்டுக்காரர் வெளிநாட்டில், கிணறு திறந்தபடி. எங்களைப் போன்றவர்களின் காணிகள்தான் அவை. பிள்ளையை விடுவதற்கு முன் வளவு முழுக்க நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். விழுந்த பனையோலைக் குவியலுக்குள் கை விட வேண்டாம் என்று சொல்லுங்கள், சுருட்டை விரியன் அங்கே படுத்திருக்கும். நாய் கடித்தால், கீறினால்கூட, சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி நேரே அரசாங்க ஆசுபத்திரிக்குப் போங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை அடுத்த நாளுக்குத் தள்ள வேண்டாம். வன்னிப் பக்கமோ முகமாலைப் பக்கமோ போனால் தெருவை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள். ஏன் அந்தப் பலகை என்று கேட்பார்கள். வயதுக்கு ஏற்ற பதிலை முதலே யோசித்து வையுங்கள்.

கடலுக்கு என்றால் காரைநகர் கசூரினா கடற்கரை சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. ஆழம் குறைவு, சவுக்கு மர நிழலும் உண்டு. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற நாட்களில் படகு நன்றாக ஆடும், உயிர்காப்புச் சட்டை பிள்ளைக்கு அளவானதா என்று பாருங்கள். அங்கே குதிரைகள், பெருக்குமரம், முருகைக்கல்லால் அடுக்கிய வேலிகள். பூநாரை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஓகஸ்டில் ஏமாறுவீர்கள், அவை மாரியில் வருகிறவை.

ஓகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் நிற்கிறவர்களுக்கு ஒன்று. யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் மத்தியானம் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் சூரியன் நேரே உச்சிக்கு வரும். முற்றத்தில் நட்ட தடிக்கு நிழல் இல்லாமல் போகும். லண்டனில் எந்த நாளும் காண முடியாதது. தொப்பி போட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தால் போதும். வெயில் நேரத்தில் நான் வெளியே விட்டது அதற்கு மட்டும்தான், பெரியம்மாவும் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

காணி அலுவலுக்கு நான் டிசம்பரில் தனியாகப் போகிறேன். அண்ணாவிடம் சொல்லிவிட்டேன், என் பங்கில் கிணற்றடியும் பனைகளும் உள்ள பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மற்றதை எழுதித் தருகிறேன் என்று. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பிள்ளைகளோடு அடுத்த ஓகஸ்டில்.