குஞ்சாமை வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

சிவப்புக் காது ஆமைக் குஞ்சு விற்பனைக்கு வரும்போது 3 செ.மீ. இருக்கும். பெண் ஆமையாக இருந்தால் ஓடு மட்டும் 25 செ.மீ. தாண்டலாம், நன்றாகப் பராமரித்தால் 20, 30 ஆண்டு வாழும். இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட சிறு கிண்ணம் ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது. ஓட்டின் ஒவ்வொரு 2.5 செ.மீ. நீளத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆமை நிறையக் கழிக்கும். ஆகவே தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்குக்கான வடிகட்டியைப் பொருத்துங்கள்.

அதிகம் ஏமாற்றுவது, வெயிலில் உள்ள புறஊதா-பி கதிரைத் தரும் விளக்கு. இந்தக் கதிர் படாவிட்டால் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் எலும்பில் சேராது. ஓடு மெத்தென்று ஆகி, வளைந்து போகும். ஜன்னலோரம் வைத்தால் போதும் என்பது தப்பு. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். தொட்டியின் கண்ணாடி மூடிக்கு மேல் விளக்கை வைத்தாலும் இதே கதைதான். இன்னொன்று, பல்பு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் குறையாமலே கதிர் குறைந்துகொண்டு வரும். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்தில் மாற்ற வேண்டும்.

ஆமை முழு உடலையும் உலர்த்திக்கொள்ள ஒரு மேடையும் தேவை. அங்கே வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், தண்ணீரில் 25 டிகிரி அளவில் இருக்கட்டும். கையை வைத்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம், வெப்பமானி வையுங்கள்.

உலர்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும், பிறகு தீனியே எடுக்காது. ஆமைக்கான குருணைத் தீவனத்தோடு கீரை வகைகளும் கொடுங்கள். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை.

நலமாகத் தெரியும் ஆமையும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் ஆமைத்தொட்டியைக் கழுவவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆமையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பெரிதானதும் குளத்தில் விடுவது. மிசிசிப்பிப் படுகையைச் சேர்ந்த இந்த இனம், உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. வெயில் காயும் இடத்தையும் இரையையும் உள்ளூர் ஆமைகளிடமிருந்து பறிக்கும், நோயையும் பரப்பும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் மீட்பு மையத்திடமோ வனத்துறையிடமோ ஒப்படையுங்கள். காட்டில் பிடித்த ஆமையை வாங்குவதும் அதே அளவு கேடு. நட்சத்திர ஆமை அப்படிக் கடத்தப்பட்டே நலிந்தது. 2019-ல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது. வாங்கும் முன் வளர்ப்பில் பிறந்ததற்கான ஆவணத்தைக் கேளுங்கள். வாய்மொழி உறுதியோடு முடிக்கப் பார்த்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.