பிரான்ஸ் கிராமப்புறத்துக்கு முதல் பயணம்: தொர்தோன் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

பிரான்ஸ் என்றால் பலருக்கும் பாரிஸ்தான். ஐஃபல் கோபுரம், லூவர், ஒரு நாள் வெர்சாய், அதோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி பெரிகோர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே தொர்தோன், வேஸேர் என்று இரண்டு ஆறுகள். கற்கால மனிதர்கள் வரைந்த காட்டெருமைகள், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த நூறாண்டுப் போரைப் பார்த்த கோட்டைகள், 13ஆம் நூற்றாண்டில் நூல் பிடித்து அளந்து கட்டிய ஊர்கள் எல்லாம் அந்த ஆறுகளின் கரையிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கின்றன. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அநேகமாக ஆகாது.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காலவரிசையில் பாருங்கள். முதலில் குகை, அடுத்து கோட்டை, கடைசியில் ஊர். இங்கே எல்லாவற்றுக்கும் மூலம் சுண்ணாம்புப் பாறைதான். அதன் அடியில் மனிதன் குடியிருந்தான், பிறகு அதன் மேல் கோட்டை கட்டினான், பிறகு அதையே வெட்டி வீடும் கூரையும் செய்தான். இந்த வரிசையில் போனால் ஒவ்வோர் இடமும் அடுத்ததைப் புரியவைக்கும். மாற்றிப் போனால் மூன்றாவது கோட்டையிலேயே அலுப்புத் தட்டிவிடும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிரான்ஸே விடுமுறையில் இருக்கும். அறை வாடகை ஏறிவிடும், குறுகலான மலைச் சாலைகளில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். நவம்பர் முதல் மார்ச் வரை பல இடங்கள் மூடியிருக்கும், அல்லது நேரத்தைக் குறைத்திருப்பார்கள். நான்கு முழு நாட்கள் கையில் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

படி 2: ஒரே ஊரில் தங்குங்கள், கார் எடுங்கள்

தினம் ஒரு ஊரில் அறை மாற்ற வேண்டாம். சார்லா என்ற சிறு நகரத்தில் தங்கினால் எல்லாத் திசைக்கும் போய்வரலாம். குகைகள் சூழ்ந்த லெ ஸேஸி ஊர் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர், கற்கால ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகை இருக்கும் மோந்தினியாக் சுமார் 25, கோட்டைகள் அதைவிடக் கிட்டே. காலை உணவோடு வீட்டுக்காரர்களே அறை தரும் ஷாம்ப்ர் தோத் முறை முதல் பயணத்துக்கு ஏற்றது. சமையலறையோடு முழு வீடு வேண்டுமென்றால் ஜீத் என்று தேடுங்கள். கோடையில் ஜீத்களைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் தருவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கேயே கார் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். போர்தோவிலிருந்து சார்லா வரை உள்ளூர் ரயிலும் உண்டு, ஆனால் அங்கே இறங்கியபின் கோட்டைகளுக்குப் போக வர பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், சாதாரணமாகக் கிடைப்பது கையால் கியர் மாற்றும் வண்டிதான். இந்திய உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போங்கள்.

சாலை விதிகளில் நம்மைக் குழப்புவது ஒன்று உண்டு. வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். ஆனால் ஊருக்குள் வேறு பலகை இல்லாத சந்திப்புகளில் வலது பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் பெரிய தெருவிலும் அவர் சின்னச் சந்திலும் இருந்தாலும் நின்று வழிவிட வேண்டியது நீங்கள்தான். ரவுண்டானாவில் மட்டும் இது தலைகீழ், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை.

படி 3: குகைச் சீட்டை முதலில் பாருங்கள்

விமான டிக்கெட்டுக்கு அடுத்து இதைத்தான் பார்க்க வேண்டும். அசல் ஓவியங்கள் இருக்கும் குகைகளில் மூச்சுக்காற்றும் உடல் சூடும் பாறையைக் கெடுக்கும் என்பதால் ஒரு நாளைக்குச் சிலரைத்தான் விடுகிறார்கள். நீங்கள் தேட வேண்டிய பெயர் ஃபோன் தெ கோம். முன்பதிவு முறையை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துவிட்டு மற்ற நாட்களை அதைச் சுற்றி அமையுங்கள். அது கிடைக்காவிட்டால் கோம்பரேல் அல்லது காப் பிளான் பாருங்கள். கோம்பரேல் குகையில் நூற்றுக்கணக்கான செதுக்கல்கள். காப் பிளானில் பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கிய குதிரைகள்.

படி 4: முதல் நாள், லெ ஸேஸியில் தொடங்குங்கள்

எல்லோரும் நேராக லாஸ்கோவுக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் லெ ஸேஸிக்குப் போங்கள். 1868இல் இந்த ஊரில் மண் தோண்டியபோதுதான் ஐரோப்பாவின் ஆதி நவீன மனிதரான குரோ மாக்னோன் மனிதரின் எலும்புகள் கிடைத்தன. பாறை நிழலில் பழைய கோட்டையோடு ஒட்டி நிற்கும் தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தில் காலையில் ஒன்றரை மணி நேரம் செலவிடுங்கள். கல் ஆயுதங்களையும் கொம்பில் செதுக்கிய சின்னச் சின்ன விலங்குகளையும் இங்கே பார்த்துவிட்டுக் குகைக்குள் போனால், வரைந்தவர்கள் எவ்வளவு தேர்ந்த கைகாரர்கள் என்பது உடனே தெரியும்.

அப்புறம் ஃபோன் தெ கோம். இதன் ஓவியங்களை 1901இல் கண்டறிந்தார்கள். உள்ளே இடுக்கான பாதை, சிறு குழு, கூடவே ஒரு வழிகாட்டி. முதலில் வெறும் பாறைதான் தெரியும். வழிகாட்டி விளக்கை மெல்ல நகர்த்தும்போது பாறையின் புடைப்பு காட்டெருமையின் வயிறாகிறது, ஒரு வெடிப்பு முதுகுக்கோடாகிறது. பாறையில் ஏற்கெனவே இருந்த விலங்கைக் கண்டுபிடித்து மீதியை மட்டும் வண்ணத்தால் முடித்திருக்கிறார்கள். ஓரிடத்தில் இரண்டு துருவ மான்கள். ஒன்று மண்டியிட்டிருக்கிறது, மற்றொன்று குனிந்து அதன் நெற்றியை நக்குகிறது. பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த அன்பை அசல் பாறையிலேயே பார்க்கக் கிடைப்பதால்தான் இந்தச் சீட்டுக்கு இவ்வளவு அலைச்சல் தகும் என்கிறேன். படம் எடுக்க அனுமதியில்லை. குகைக்குள் வெப்பநிலை 13 டிகிரி அளவில்தான் இருக்கும், கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

குழந்தைகளோ முழங்கால் வலி உள்ள பெரியவர்களோ கூட வந்தால் ரூஃபினியாக் குகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன மின்சார ரயிலில் உட்காரவைத்து உள்ளே அழைத்துப் போவார்கள். வழியில் குகைக்கரடிகள் பாறையைப் பிராண்டிய தடங்களைப் பார்க்கலாம். கடைசியில் மம்மூத் என்ற ஆதி யானை, குதிரை, மலையாடு என்று நிறைந்த கூரை ஒன்று வரும். வரைந்த காலத்தில் தரைக்கும் கூரைக்கும் ஒரு மீட்டர்தான் இடைவெளி, ஆகவே முழு உருவத்தையும் ஒருசேரப் பார்க்காமலே படுத்தபடி வரைந்திருக்கிறார்கள்.

படி 5: இரண்டாம் நாள், லாஸ்கோவும் ரோக் சேன் கிறிஸ்டோஃபும்

1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பதின்ம வயதுப் பையன்கள் மோந்தினியாக் மேட்டில் இருந்த ஒரு பொந்துக்குள் இறங்கி லாஸ்கோவைக் கண்டார்கள். 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்து விட்ட மூச்சில் பாறையில் பாசி படர்ந்தது, வெண்படலம் பூத்தது. 1963இல் மூடினார்கள், இன்று வரை மூடியேதான் இருக்கிறது. இப்போது நாம் பார்ப்பது பிரதிகள். 1983இல் திறந்த லாஸ்கோ 2 குகையின் முக்கியமான இரண்டு கூடங்களை மட்டும் காட்டும். 2016 டிசம்பரில் திறந்த லாஸ்கோ 4 கிட்டத்தட்ட முழுக் குகையையும் காட்டும்.

பிரதிதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அசலின் மேடு பள்ளங்களை அளந்து அப்படியே வார்த்து, அதன் மேல் கையால் வரைந்திருக்கிறார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான காளை தலைக்கு மேலே பாய்வதை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் முதல் நாள் அசலைப் பார்த்த கண்ணோடு வர வேண்டும், அதற்காகத்தான் இந்த வரிசை.

திரும்பும் வழியில் ரோக் சேன் கிறிஸ்டோஃபில் நிறுத்துங்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரம் உள்ள செங்குத்துப் பாறை, அதில் அடுக்கடுக்காகத் திண்ணைகள். கற்கால மக்கள் ஒதுங்கிய அதே திண்ணைகளில் 10ஆம் நூற்றாண்டில் வட ஐரோப்பியக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகளுக்குப் பயந்து அரண் கட்டினார்கள், ஊரும் எழுந்தது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த மதப் போர்களின்போது 1588இல் அதை இடித்தார்கள். உத்தரம் செருகப் பாறையில் குடைந்த சதுரத் துளைகள் வரிசை வரிசையாக இன்றும் இருக்கின்றன. குகைக் காலம் கோட்டைக் காலமாக மாறுவதை இந்த ஒரு பாறையிலேயே பார்த்துவிடலாம்.

படி 6: மூன்றாம் நாள், ஆற்றங்கரைக் கோட்டைகள்

தொர்தோன் ஆற்றின் ஒரு கரையில் பேனாக், எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி காஸ்தெல்நோ. நூறாண்டுப் போரில் பெரும்பாலும் பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்தெல்நோ ஆங்கிலேயர் பக்கம். ஒரு கோட்டை மதிலில் நின்றால் மற்றது கண்ணுக்கு நேரே தெரியும். அந்தப் போர் 1453இல் முடிந்ததும் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், காஸ்தியோன் என்ற இடத்தில்தான்.

இரண்டில் ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு காஸ்தெல்நோ. உள்ளே இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம், மதிலடியில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கல்லெறி பொறிகள். கோடையில் இயக்கியும் காட்டுவார்கள். கோட்டையின் கரடுமுரடான தோற்றத்தை விரும்புகிறவர்களுக்கு பேனாக். கீழ் ஊரிலிருந்து கல் பாவிய செங்குத்துச் சந்தில் ஏறிப் போனால்தான் அதன் உயரம் புரியும். ஏற முடியாதவர்களுக்குக் கோட்டைக்குக் கிட்டே மேலேயே கார் நிறுத்தும் இடம் உண்டு.

மதியத்துக்குப் பின் லா ரோக் கஜாக். ஆற்றுக்கும் பாறைக்கும் நடுவே ஒற்றை வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் இது. 1957இல் மேலிருந்து பாறை சரிந்து வீடுகளை நொறுக்கியது, உயிர்களும் போயின. இங்கிருந்து கபார் என்ற தட்டைப்படகில் ஒரு மணி நேரம் ஆற்றில் போகலாம். ஒரு காலத்தில் மரமும் மதுப் பீப்பாய்களும் ஏற்றிப் போன சரக்குப் படகின் வடிவம் அது. கோட்டைகளைக் கீழே ஆற்றிலிருந்து பார்ப்பதைத் தவறவிடாதீர்கள், வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது இந்தக் கோணத்தில்தான்.

பக்கத்திலேயே மிலாந்த் மாளிகையும் உண்டு. 1489இல் கட்டியது. நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் 1947இல் இதை விலைக்கு வாங்கி, தத்தெடுத்த 12 குழந்தைகளோடு வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜி எதிர்ப்பு இயக்கத்துக்கு உழைத்த அவரை 2021இல் நாட்டின் பெருமக்களுக்கான பாரிஸ் நினைவிடமான பாந்தியோனில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது பிரான்ஸ்.

படி 7: நான்காம் நாள், ஊர்கள்

நான்காம் நாள் புதன் அல்லது சனியாக அமையும்படி திட்டமிடுங்கள், அந்த நாட்களில்தான் சார்லாவில் சந்தை. காலை ஒன்பது மணிக்கு முன்பே இறங்கிவிடுங்கள். வால்நட், ஸ்ட்ராபெர்ரி, ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் விளைவித்தவர்களே கொண்டுவந்து விற்பார்கள். எதையும் கேட்கும் முன் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள், சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

சந்தை முடிந்ததும் தலையைத் தூக்கிக் கூரைகளைப் பாருங்கள். லோஸ் என்ற சுண்ணாம்புக்கல் தகடுகளை அடுக்கிய கூரை, ஒரு சதுர மீட்டருக்கே அரை டன் அளவுக்குக் கனக்கும். அதைத் தாங்கத்தான் சரிவு அவ்வளவு செங்குத்து. இந்த ஊர் பிழைத்ததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பழைய நகரப் பகுதிகளை இடிக்காமல் முழுதாகப் பாதுகாக்க பண்பாட்டு அமைச்சர் மால்ரோ 1962இல் கொண்டுவந்த சட்டம் முதலில் செயல்பட்ட ஊர்களில் ஒன்று சார்லா. மூடிக் கிடந்த சேன் மேரி தேவாலயத்தைக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் சந்தைக்கூடமாக மாற்றியிருக்கிறார், அதன் கோபுரத்தில் கண்ணாடி லிஃப்டில் ஏறி ஊரைப் பார்க்கலாம்.

மாலையில் டோம் போங்கள். பிரெஞ்சு அரசர் மூன்றாம் பிலிப் 1281இல் குன்றின் மேல் நிறுவிய அரண் ஊர் இது. 1307இல் கைதான டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களை இதன் வாயில் கோபுரத்தில் அடைத்ததாகவும், சுவரில் உள்ள சிலுவைக் கீறல்கள் அவர்களுடையவை என்றும் சொல்வார்கள். வண்டி ஓட்ட இன்னும் தெம்பு இருந்தால், இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் நிறுவிய மோன்பாஸியேயும் பார்க்கலாம். நேர்த்தெருக்கள், நடுவே வளைவு மண்டபங்கள் சூழ்ந்த சதுக்கம் என்று திட்டமிட்ட ஊர் எப்படி இருந்தது என்பதை டோமைவிடத் தெளிவாகக் காட்டும்.

படி 8: சாப்பாடு

உணவகங்களில் பகல் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கி இரண்டுக்குள் முடிந்துவிடும், பிறகு இரவு ஏழு வரை அடுப்பு எரியாது. ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். இது வாத்துக்கறி நாடு, சைவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ‘பொம் சார்லதேஸ்’ என்று வரும் உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்தால் சைவம் மாதிரி இருக்கும், ஆனால் வறுப்பது வாத்துக் கொழுப்பில். சூடான ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட், முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் காளான் ஆம்லெட், இரண்டும் அநேகமாகக் கிடைக்கும். சாலட்டில் பன்றிக்கறித் துண்டு தூவாமல் தரச் சொல்லுங்கள்.

இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால்

முதல் நாள் லெ ஸேஸி அருங்காட்சியகமும் ஃபோன் தெ கோமும், இருட்டும் முன் ரோக் சேன் கிறிஸ்டோஃப். இரண்டாம் நாள் காலை காஸ்தெல்நோ, மதியம் படகு, மாலை சார்லா. லாஸ்கோவை விட்டுவிடுங்கள். ஃபோன் தெ கோமில் சீட்டு கிடைக்காத பட்சத்தில் மட்டும் அந்த இடத்தில் லாஸ்கோ 4ஐ வைத்துக்கொள்ளுங்கள்.