வெயில் தணிந்தபின் வந்த தக்காளி

இந்தக் கோடையில் தக்காளிச் செடிகள் பூத்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிஞ்சு பிடிப்பது கஷ்டம். செடிகளைப் பிடுங்க மனம் வரவில்லை. காய்ந்த கிளைகளை மட்டும் நறுக்கி, வேரைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போட்டேன். வெயில் தணிந்ததும் பூ உதிராமல் நின்றது, கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

ஆனால் குளிர் முந்திக்கொண்டது. 10 டிகிரிக்குக் கீழே போனால் காய் பழுப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அடிப்பக்கம் வெளிறி, லேசாக மஞ்சள் ஓடிய காய்களாகப் பார்த்துப் பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடி வைத்தேன். பழம் விடும் எத்திலீன் வாயு தக்காளியையும் பழுக்க வைக்கும். தினமும் திறந்து அழுகியதை எடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

இப்படிப் பழுத்ததில் இனிப்பு கொஞ்சம் குறைவுதான். பாதியாக அரிந்து, எண்ணெயும் உப்பும் தடவி, ஓரம் கருகிச் சுருங்கும்வரை சிறு தீயில் வாட்டினால் நீர் வற்றி ருசி திரண்டுவிடும். பச்சையாகவே நின்றவற்றை வெங்காயத்தோடு வதக்கி அரைத்தேன். அந்தப் புளிப்பு எனக்குப் பழத்தைவிடப் பிடித்திருக்கிறது.