முதியவர்களைப் பழைய நினைவு பேசவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு முதியோர் இல்லத்தில், மனச்சோர்வில் இருக்கும் முதியவர்களைப் பழைய நினைவுகளைப் பேசவைக்கும் நினைவுகூரல் சிகிச்சைக்குப் புதிதாக வந்த இருவர் அமர்வு நடத்துவதை உட்கார்ந்து பார்த்தேன். தொடங்கிய காலத்தில் நான் செய்த தவறுகளையே செய்தார்கள். பொறுமை வேண்டும், காது கேட்கும்படி பேச வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சந்தோஷமானதை மட்டும் கேட்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ராமேஸ்வரம் பக்கத்துப் பாட்டி ஒருவர், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவந்தார். நான்காவது வாரம்தான் வாய் திறந்தார். "புயல் அன்னைக்கு எங்க அண்ணன்..." 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் அது. அழுதுவிடுவாரோ என்று பயந்து, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, உங்க கல்யாணத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அடுத்த மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு வார அமர்வில் மூன்று வாரம் என்னால் வீணானது.

கடைசி வாரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணனைப் பத்திச் சொல்ல வந்தீங்களே" என்றேன். அழுதார். காத்திருந்தேன். "அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டபோதுதான், கருவாட்டுக் கூடை சுமந்து தம்பி தங்கைகளை வளர்த்த கதை வந்தது. அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதியவர்கள் பழசைப் பேசுவது புத்தி தளர்ந்ததன் அடையாளம் என்று பலர் நினைத்த காலத்தில், 1963இல், அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அதை மறுத்து எழுதினார். தீராத பழைய வலிகள் முதுமையில் மேலே வருவது இயல்பு, அவற்றைத் திரும்பப் பார்த்து மனம் சமாதானமாக வழி உண்டு என்றார். வலியை ஒதுக்கிவிட்டால் சிகிச்சையில் என்ன மிச்சம்?

அதே சமயம், ஒரே மனக்குறையை வாராவாரம் சுற்றிச்சுற்றி வரவிடுவதும் ஆபத்து. பழைய குற்றவுணர்விலேயே உழல்வது சோர்வைக் கூட்டும். கஷ்டத்தை எப்படித் தாண்டினோம் என்று நினைப்பதுதான் தெம்பு தரும். அதனால்தான் அந்த "அப்புறம்?" முக்கியம்.

பொதுவாகக் கேட்பது

மனச்சோர்வில் இருப்பவருக்கு நினைவு மங்கலாகவே வரும். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்பார், அவ்வளவுதான். ஒரு நாளைக் கேளுங்கள். முதல் சம்பளம் வாங்கிய அன்று என்ன வாங்கினார், யாரிடம் கொடுத்தார்? கையில் ஒரு பித்தளைச் செம்போ பழைய ரேடியோவோ கொடுத்தால் இன்னும் நல்லது.

வருஷத்தைத் திருத்துவது

அவர் சொல்லும் வருஷம் தப்பாக இருந்தாலும் கூடாது.

அளக்காமல் தொடங்குவது

15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது. முதல் நாளும் கடைசி நாளும் கேளுங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

அது மருத்துவர் முடிவு. "போய்ச் சேர்ந்தா தேவலை" என்று யாராவது சொன்னால் புலம்பல் என்று விடாதீர்கள். அவரைத் தனியாக விடாமல், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.