கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த சிசிலி பாஸ்தா

பாஸ்தாவில் கத்தரிக்காயா என்று யோசிப்பவர்கள் 'பாஸ்தா அல்லா நோர்மா'வை ஒரு தடவை செய்து பாருங்கள். சிசிலித் தீவில், எட்னா எரிமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கத்தானியா ஊர்ச் சாப்பாடு இது. அந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் வின்சென்சோ பெல்லினியின் 'நோர்மா' என்கிற ஆப்பரா, அதாவது இசை நாடகம், 1831-இல் மிலான் நகரில் அரங்கேறியது, அதன் பெயர்தான் இந்த பாஸ்தாவுக்கும். சாமான் கொஞ்சம்தான், அதனால் காய் புதிதாக இல்லையென்றால் ருசியில் உடனே தெரிந்துவிடும்.

நான்கு பேருக்குப் பெரிய ஊதாக் கத்தரிக்காய் 2, நன்றாகப் பழுத்த தக்காளி 700 கிராம், பூண்டு 2 பல், ஒரு கைப்பிடி பேசில் இலை (துளசி இனத்து வாசனை இலை), ரிகட்டோனி அல்லது பென்னே (குழாய் வடிவப் பாஸ்தா) 360 கிராம், ஆலிவ் எண்ணெய் தாராளமாக. அப்புறம் ரிக்கோட்டா சலாட்டா 100 கிராம். இது செம்மறியாட்டுப் பாலில் செய்து, உப்பிட்டு அழுத்திக் காயவைத்த வெள்ளை சீஸ். கிடைக்கவில்லையா, பெக்கோரினோ சீஸ் போடுங்கள், ஆனால் அதில் உப்பு தூக்கலாக இருக்கும், கொஞ்சமாகத் துருவுங்கள்.

முதலில் கத்தரிக்காய். விரல் கனத்துக்கு நறுக்கி, உப்புத் தூவி அரை மணி நேரம் வடிதட்டில் வைத்தால் முத்து முத்தாகத் தண்ணீர் விடும். அலசி, துணியில் ஒற்றி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். இந்த வேலையை நான் ஒருநாளும் விட்டதில்லை, ஏனென்றால் உப்பு தண்ணீரை இழுத்துவிட்டால் காயின் பஞ்சுத்தன்மை அடங்கி, எண்ணெய் குடிப்பதும் குறையும்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்ததா என்று ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள், சுற்றிலும் குமிழி பொங்கி வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, பொரியாமல் எண்ணெயில் ஊறிக் கொழகொழத்துவிடும். ஓரம் தேன் நிறத்துக்கு வந்து, நடுவில் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும்போது எடுத்துக் காகிதத்தில் போடுங்கள்.

தக்காளியை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டால் தோல் தானாகக் கழன்றுவிடும். 3 கரண்டி ஆலிவ் எண்ணெயில் பூண்டை நசுக்கிப் போட்டு, வாசம் வந்ததும், அது சிவப்பதற்குள், தக்காளியை நறுக்கிச் சேருங்கள். சிறு தீயில் 20 நிமிடம், உப்பு, சில பேசில் இலைகள். சரி, சாஸ் தயார்.

பாஸ்தாவுக்கு 4 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. பொட்டலத்தில் போட்டிருக்கிற நேரத்துக்கு 2 நிமிடம் முன்னாலேயே எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் லேசாகப் பல்லில் தட்டுப்பட வேண்டும். இத்தாலிக்காரர்கள் 'அல் டென்டே' என்பது இதைத்தான். வடிக்கும்போது அந்தத் தண்ணீரில் ஒரு குவளை எடுத்து வையுங்கள். பாஸ்தாவைச் சாஸில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுப் பெரிய தீயில் ஒரு நிமிடம் புரட்டினால் அதிலிருக்கிற மாவுச்சத்து சாஸைப் பாஸ்தாவோடு ஒட்ட வைக்கும்.

பொரித்த துண்டுகளில் பாதியை இப்போது சேருங்கள். மீதியைத் தட்டில் பரிமாறிய பிறகு மேலே வையுங்கள், முன்பே எல்லாவற்றையும் கலந்துவிட்டால் பாடுபட்டுப் பொரித்த ஓரமெல்லாம் ஊறிப்போகும். மேலே வெள்ளையாக மூடும்படி சீஸைத் துருவி, பேசிலைக் கையால் கிள்ளிப் போட்டு, ஆறுவதற்குள் சாப்பிடக் கூப்பிடுங்கள்.