ஸ்டேஷன் சிசிடிவி பதிவு அழிவதற்குள்

காவல் நிலையத்தில் அடிபட்டு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சிசிடிவி பதிவு கேட்டு தகவல் உரிமை மனு போடுகிறார்கள். அதற்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். நகல் கேட்பதெல்லாம் பிறகு. பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லும் கடிதம் அன்றோ மறுநாளோ போயாக வேண்டும்.

பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில், தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்த வழக்கில், சாத்தான்குளம் நிலையத்தில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் இருந்தும், தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்ததாக மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். உத்தரவை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கடிதம் நிலைய இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.பி.க்கும் (மாநகரம் என்றால் கமிஷனருக்கு), நகல் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும். "அன்றைய பதிவு" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். "மாலை 6.10 முன்வாசல், 6.30 முதல் 8 வரை ரைட்டர் அறை, அதன்பின் லாக்கப் வராண்டா" என்று இடமும் நேரமுமாக எழுதுங்கள். டிவிஆர் (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டி) கடிகாரம் பல இடங்களில் முன்பின்னாக ஓடும். அதனால் இரு பக்கமும் அரை மணி சேர்த்துக் கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீது பத்திரம். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

"கேமரா ரிப்பேர்" என்பார்கள். அந்தத் தீர்ப்பின்படி, பழுதானால் நிலைய அதிகாரி மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு உடனே தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள்; இல்லை என்றால் அந்த பதிலையே எழுத்தில் வாங்குங்கள், கோர்ட்டில் உதவும். எதிர்க் கடையின் கேமராவையும் மறக்க வேண்டாம்: எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எப்படி நடந்து வந்தீர்கள் என்பது அதில் இருக்கும்.

அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், யார் அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொல்லி, ஏ.ஆர். காப்பி (காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். பயத்தில் "கீழே விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால் கடைசிவரை அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டி, பதிவைப் பாதுகாக்க உத்தரவிடும்படி அங்கேயே கேட்கலாம்.

நகல் பென் டிரைவில் கைக்கு வந்தால், பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவில் மின்னணுப் பதிவுக்குத் தரவேண்டிய சான்றிதழும், ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) கூடவே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.