சபைத் தகவல்தொடர்பு: இணையத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெபக் குறிப்புகளிலிருந்தே தொடங்குகிறேன். சபை அறியாமல் அதிகம் காயப்படுத்துவது அங்கேதான். போதகரிடம் மட்டும் ஒருவர் சொன்ன நோய், குடும்பப் பிரச்சினை, கடன் தொல்லை எல்லாம் நல்லெண்ணத்தோடுதான் வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு வந்துவிடுகின்றன. ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அவர்களில் யாராவது அதை வேறொரு குழுவுக்கு அனுப்பிவிட்டால், மூலப் பதிவை நீக்கினாலும் அந்த நகல் நீங்காது. “இதைக் குழுவில் போடலாமா, பெயர் சொல்லலாமா?” என்று சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். தயங்கினால் போட வேண்டாம். பிள்ளைகளின் படங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பெற்றோர் சம்மதிக்காமல் ஞாயிறு பள்ளிப் படம் எதுவும் வெளியே போகக் கூடாது.

ஜூம் கூட்டத்தைப் பதிவு செய்து அப்படியே யூடியூபில் ஏற்றுவதும் இதே வகைத் தவறுதான். பிரசங்கம் எல்லாருக்கும் உரியது. அழுதுகொண்டே ஒருவர் சொன்ன சாட்சி அப்படியல்ல. பகிர்தல் நேரம் தொடங்கும்போதே பதிவை நிறுத்திவிடுங்கள்.

கூட்டத்தின் இணைப்பைக் கடவுச்சொல்லும் இல்லாமல் ஃபேஸ்புக்கில் பொதுவில் போடுவது ஆபத்து. 2020இல் பல ஆராதனைகளுக்குள் அந்நியர்கள் நுழைந்து ஆபாசக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டார்கள். வருபவரை அனுமதிக்கும்வரை வெளியே நிறுத்திவைக்கும் ‘காத்திருப்பு அறை’ வசதியை இயக்கி, திரைப் பகிர்வைக் கூட்டம் நடத்துபவருக்கு மட்டும் வைத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். ஆனால் வாசலில் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும். புதிதாக வருபவரைக் கவனிக்காமல் காத்திருக்க விடுவதும் தவறே. இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாடலுக்கு வருவோம். எல்லாரும் மைக்கைத் திறந்து ஒன்றாகப் பாட ஜூமில் வழியில்லை. ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தோடு வருவதால் தாளம் சிதறும். ஒருவர் நடத்த, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுப் பாடட்டும். இரைச்சல் நீக்கும் வசதி கிதாரையும் கீபோர்டையும் இரைச்சலாக எண்ணி வெட்டிவிடும். இசைக்கென்று உள்ள ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை இயக்குங்கள். பாடல் வரிகள் பழையவை என்றாலும் ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. அதை நேரலையில் ஒலிக்கவிட்டால் யூடியூபின் தானியங்கி முறை கண்டுபிடித்து வீடியோவை முடக்கக்கூடும்.

ஃபேஸ்புக் நேரலையைச் சேமிப்புப் பெட்டகமாக நம்ப வேண்டாம். 2025 பிப்ரவரி முதல் புதிய நேரலைகள் 30 நாள்தான் அங்கே இருக்கும். பதிவிறக்கி வையுங்கள். சபையின் கணக்குகளும் ஒரே தன்னார்வலரின் கைப்பேசியில் அடங்கியிருக்கக் கூடாது. அவர் ஊர் மாறினால் சபையே வெளியே நிற்க வேண்டியதாகும். குறைந்தது இருவர் நிர்வாகிகளாக இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பதில் சொல்லாத மௌனம். நேரலையின் கீழே “எனக்காக ஜெபியுங்கள்” என்று ஒருவர் எழுதுகிறார். நேரலை முடிந்ததும் கருவிகளை அணைத்துவிட்டுக் கலைந்துபோகிறோம். கருத்துகளைப் படித்து அன்றைக்கே பதில் எழுத ஒருவரை நியமியுங்கள். கைப்பேசியே இல்லாத முதியோருக்கு அறிவிப்புகளை நேரில் போய்ச் சொல்ல இன்னொருவர் வேண்டும்.